நியூரோபிக்சல்ஸ் 1.0, 2.0: விழித்திருக்கும் விலங்கின் மூளையில் எவ்வளவு தேறுகிறது?

நியூரோபிக்சல்ஸ் என்பது மூளைக்குள் செருகி நியூரான்களின் மின் துடிப்புகளைப் பதியும் ஊசி போன்ற சிலிக்கான் கருவி. அதன் விவரத்தாளில் 384 சேனல், அதாவது பதிவு வழிகள், என்று போட்டிருக்கிறது. அதை 384 நியூரான் என்று படிக்கக் கூடாது. அதைவிடக் கூடவும் வரலாம், அதில் கால்வாசி தேறாமலும் போகலாம். இதற்குக் கையில் இருக்கும் மிகப் பெரிய சான்று சர்வதேச மூளை ஆய்வகக் கூட்டமைப்பின் பதிவுகள்தான். 12 ஆய்வகங்கள், 139 சுண்டெலிகள், 699 செருகல்கள். மென்பொருள் பிரித்துக் கொடுத்த யூனிட்கள், அதாவது ஒரே நியூரானின் ஸ்பைக்குகள் (மின் துடிப்புகள்) என்று கருதப்படும் தொகுதிகள், 6,21,733. கடுமையான தரச் சோதனையைத் தாண்டியவை 75,708. அதாவது ஒரு செருகலுக்குச் சராசரியாக 889 வந்து, 108 நின்றன. ஒரே செய்முறையைப் பின்பற்றிய, தேர்ந்த கைகள் செய்த வேலையிலேயே எட்டில் ஒன்றுதான் மிச்சம்.

இதனால் கருவி மோசம் என்று ஆகிவிடாது. விழித்திருக்கும் விலங்கில் ஒரே நேரத்தில் பல பகுதிகளின் தனி நியூரான்களைக் கேட்க இன்று இதற்கு நிகரான வேறு பொருள் இல்லை. ஆனால் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சிலிக்கானின் திறமை அல்ல. மூளையுறையின் கடினம், கிரவுண்ட் கம்பியின் ஈரம், திசுவின் நகர்வு, இந்த மூன்றும்தான் யூனிட்களைத் தின்கின்றன. இந்த மதிப்புரையில் பாதி அவற்றைப் பற்றியே.

கருவி

பெல்ஜியத்தில் உள்ள ஐமெக் தயாரிக்கும் சிலிக்கான் ப்ரோப் இது. 1.0 பற்றிய ஆய்வுக் கட்டுரை 2017-இல் வந்தது, 2.0 பற்றியது 2021-இல். 1.0-இல் ஒரே தண்டு: 10 மி.மீ. நீளம், 70 மைக்ரான் அகலம், 24 மைக்ரான் தடிமன். அதன்மேல் 960 பதிவுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் 12-க்கு 12 மைக்ரான் சதுரம், மேற்பரப்பு டைட்டானியம் நைட்ரைடு. 1 கிலோஹெர்ட்ஸில் மின்மறுப்பு சுமார் 150 கிலோ ஓம். தங்கம் பூசி மின்மறுப்பைக் குறைக்கும் வேலை எதுவும் இல்லை.

பெருக்கி, வடிகட்டி, எண்ணாக்கி மூன்றும் தண்டின் அடித்தட்டிலேயே இருக்கின்றன. கேபிளில் ஓடுவது எண்வடிவத் தரவு. விலங்கு அசையும்போது கேபிள் ஆடி இரைச்சல் நுழைகிற பழைய தலைவலி இங்கே கிடையாது. ஐந்து மீட்டர் நீளத்துக்கு முறுக்கிய இரண்டே மெல்லிய கம்பிகள் போதும். அனலாக் கம்பிக் கற்றைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், வாங்க.

960 புள்ளிகளில் ஒரு நேரத்தில் 384-ஐத்தான் பதியலாம். அதிலும் விரும்பியபடி பொறுக்க முடியாது. ஒவ்வொரு சேனலும் 384 புள்ளிகள் இடைவெளியில் இருக்கும் இரண்டு அல்லது மூன்று புள்ளிகளோடு மட்டுமே கம்பி இணைப்பு கொண்டது. அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். மேல் பகுதியில் ஒரு புள்ளி வேண்டுமென்றால், கீழே அதே சேனலில் இருப்பதை இழக்க வேண்டும். நுனியிலிருந்து தொடர்ச்சியாக எடுத்தால் 3.84 மி.மீ. ஆழம் கிடைக்கும். சுண்டெலியில் புறணி, ஹிப்போகேம்பஸ், தாலமஸ் மூன்றையும் ஒரே குத்தில் தொட இது போதுமானது. 192-ஆம் சேனல் உள் ரெஃபரன்ஸுக்காக (மற்றச் சேனல்களின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் புள்ளி) ஒதுக்கப்பட்டது. ஆகவே பயன்படுவது 383. தரவில் அந்த ஒரு சேனல் மட்டும் தட்டையாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் ப்ரோப் பழுது என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்.

1.0 தரவை இரண்டாகப் பிரித்துத் தருகிறது: 300 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஸ்பைக் பட்டை 30 கிலோஹெர்ட்ஸிலும், பல செல்கள் சேர்ந்து எழுப்பும் மெதுவான புல மின்னழுத்தம் 2.5 கிலோஹெர்ட்ஸிலும். எண்ணாக்கம் 10 பிட். ஸ்பைக் பட்டைக்குப் பெருக்கம் 500 வைத்தால் ஒரு படி 2.34 மைக்ரோவோல்ட். பெருக்கத்தை 50 முதல் 3000 வரை மாற்றலாம் என்று கையேடு சொல்கிறது. மாற்றி விளையாட வேண்டாம். 250-க்கு இறக்கினால் ஒரு படி 4.7 மைக்ரோவோல்ட் ஆகி, கருவியின் சொந்த இரைச்சலான 5–6 மைக்ரோவோல்ட்டை நெருங்கிவிடும். 1000-க்கு ஏற்றினால் விலங்கு மெல்லும்போது தசை மின்னழுத்தம் மேல் வரம்பில் முட்டும்.

2.0-இல் என்ன மாறியது

மூன்று மாற்றங்கள் முக்கியம். முதலாவது, அளவு. ப்ரோப்பும், அதைக் கேபிளோடு இணைக்கும் சிறு மின்சுற்றுப் பலகையான ஹெட்ஸ்டேஜும் 1.0-இன் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கின. சுமார் ஒரு கிராம் எடையுள்ள ஒரே ஹெட்ஸ்டேஜில் இரண்டு ப்ரோப்களைச் செருகலாம். 25 கிராம் சுண்டெலி தலையில் தாங்கக்கூடிய மொத்தச் சுமை அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு, அதாவது 2.5 கிராம். தலையைப் பொருத்தி வைக்காமல் ஓடவிட்டுப் பதிய வேண்டுமென்றால் 2.0-தான்.

இரண்டாவது, நான்கு தண்டு வடிவம். தண்டுக்கு 1,280 வீதம் மொத்தம் 5,120 புள்ளிகள், தண்டுகளுக்கு இடையே 250 மைக்ரான். பதியும் சேனல் இங்கும் 384 தான். எல்லாவற்றையும் ஒரே தண்டில் வைத்தால் 2.88 மி.மீ. ஆழம். தண்டுக்கு 96 என்று பிரித்தால் 720 மைக்ரான் ஆழமும் 750 மைக்ரான் அகலமும் கொண்ட தளம். புறணியின் ஓர் அடுக்கையோ, ஹிப்போகேம்பஸின் செல் அடுக்கையோ படுக்கை வாக்கில் பிடிக்க இது அருமையான வடிவம். நாள்பட்ட பொருத்தலில், அதாவது ப்ரோப்பை வாரக்கணக்கில் மூளையிலேயே விட்டுவைக்கும்போது, இன்னொரு வசதியும் உண்டு. இன்று ஒரு தொகுதி, நாளை அதற்கு மேலுள்ள தொகுதி என்று மென்பொருளிலேயே மாற்றிக்கொண்டு போகலாம். ப்ரோப் அசையாது, பதியும் இடம் மட்டும் மாறும்.

மூன்றாவது மாற்றத்தைத்தான் விளம்பரங்கள் குறைவாகப் பேசுகின்றன; உண்மையில் அதுவே பெரியது. 1.0-இன் புள்ளிகள் சதுரங்கப் பலகை போல மாறி மாறி அமைந்தவை, வரிசைகளுக்கு இடையே 20 மைக்ரான். 2.0-இல் இரண்டு நேரான பத்திகள், 15 மைக்ரான் இடைவெளி. திசு மேலும் கீழும் நகரும்போது ஒரு நியூரானின் ஸ்பைக் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நழுவும். புள்ளிகள் நேராகவும் நெருக்கமாகவும் இருந்தால், அந்த நகர்வைக் கணக்கிட்டுத் தரவைப் பின்னோக்கி நகர்த்திச் சரிசெய்யலாம். 2021 கட்டுரையில் ப்ரோப்பை வேண்டுமென்றே 50 மைக்ரான் மேலும் கீழும் ஆட்டி, திருத்தம் எடுபடுகிறதா என்று சோதித்தார்கள். 2.0-இல் எடுபட்டது. 1.0-இலும் திருத்தம் நடக்கும், ஆனால் அரைகுறையாக.

விட்டுக்கொடுத்தது என்ன? 2.0-இன் இரைச்சல் சற்றே கூடுதல், 7–8 மைக்ரோவோல்ட்டைச் சுற்றி. பெருக்கம் 100 என்று நிலையானது. 12 பிட், ஒரு படி சுமார் 3 மைக்ரோவோல்ட், முழுப் பட்டையும் ஒரே ஓட்டமாக 30 கிலோஹெர்ட்ஸில் வரும். வரம்பு அகலமாக இருப்பதால் தசை அசைவால் முட்டுவது குறைவு. சின்ன ஸ்பைக் உள்ள பகுதிகளில் 1.0-க்கு இன்னும் லேசான மேல்கை உண்டு.

குரங்குகளுக்கு 45 மி.மீ. நீளத் தண்டில் 4,416 புள்ளிகள் கொண்ட தனி வகை இருக்கிறது. அகலம் 125 மைக்ரான். குரங்கின் மூளையுறையை அது தானாகத் துளைக்காது. வழிகாட்டிக் குழாய் அல்லது முன்துளை இல்லாமல் முயல்வது வீண்.

செருகும் முன்

ப்ரோப் வந்ததும் முதல் வேலை, ஸ்பைக்ஜிஎல்எக்ஸ் அல்லது ஓப்பன் எஃபிஸ் மென்பொருளில் உள்ளமைந்த சுயசோதனையை ஓட்டுவது. ஹார்ட்பீட், தொடர் இணைப்பு, ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஆகிய மூன்றும் தேற வேண்டும். ஷிஃப்ட் ரிஜிஸ்டர் தவறினால் நீங்கள் தேர்ந்த புள்ளிகள் உண்மையில் இணைந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தரவு பார்க்க அழகாகவே வரும், ஆழம் மட்டும் பொய்யாக இருக்கும். தொடர் இணைப்பு தவறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ப்ரோப்புக்கும் அதன் வரிசை எண்ணோடு அளவுத்திருத்தக் கோப்பு உண்டு. அதைக் கணினியில் சரியான கோப்புறையில் வைக்காவிட்டால் மின்னழுத்த அளவுகள் பொருளற்றவை.

பிறகு சலைன் (உப்புக் கரைசல்) குவளையில் தண்டை மட்டும் அமிழ்த்தி இரைச்சலைப் பாருங்கள். ரெஃபரன்ஸ் கம்பியும் அதே குவளையில் இருக்க வேண்டும். ஸ்பைக் பட்டையில் 5 முதல் 8 மைக்ரோவோல்ட் வந்தால் சரி. அதற்கு மேல் போய், மின்வழங்கலின் அதிர்வெண் தெரிந்தால் கோளாறு ப்ரோப்பில் இல்லை, மேசையில் இருக்கிறது.

கிரவுண்டும் ரெஃபரன்ஸும் ஃபிளெக்ஸில் (ப்ரோப்போடு வரும் வளையும் நாடா) தனித்தனி பற்றிடங்களாக வரும். பெரும்பாலான வேலைக்கு இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்து, வெள்ளி–வெள்ளிக் குளோரைடு கம்பி ஒன்றை மண்டையோட்டின் மேலுள்ள சலைன் கிணற்றுக்குள் விடுவதே போதும். வெறும் வெள்ளிக் கம்பியும் வேலை செய்யும். ஆனால் மெதுவான பட்டை அலைபாயும். கம்பியைக் குளோரைடாக்க, வீட்டு உபயோக வெளுப்புத் திரவத்தில் கருமை படியும் வரை ஊறவைத்தால் போதுமானது.

இங்கேதான் முதல் பெரிய இழப்பு நிகழும். ஒரு மணி நேரப் பதிவின் நடுவில் சலைன் காய்ந்தால் ரெஃபரன்ஸ் அந்தரத்தில் தொங்கும். எல்லாச் சேனல்களும் ஒன்றாக வரம்பில் முட்டும். மண்டையோட்டுத் துளைமேல் 1 சதவீத அகரோஸ் ஜெல் போட்டு, அதன்மேல் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஆவியாவது நிற்கும். 1.0-இல் நுனியில் உள்ள பெரிய ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. அசைவு இரைச்சல் குறையும். ஆனால் நுனி இருக்கும் இடத்தின் புல மின்னழுத்தம் எல்லாச் சேனல்களிலும் கழிக்கப்பட்டு வரும். ஸ்பைக் மட்டும் வேண்டுபவர்களுக்குப் பரவாயில்லை, அலைகளைப் படிப்பவர்களுக்கு ஆகாது. நுனி ரெஃபரன்ஸ் இருந்தாலும் கிரவுண்ட் வேண்டும், அதை மறக்கிறவர்கள் நிறைய.

விலங்கைத் தொடும் இரண்டாவது உலோகம் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உலோக ஓட்டச் சக்கரம், தலைத்தகட்டைப் பிடிக்கும் தாங்கி, தண்ணீர்க் குழாய், மூன்றும் கிரவுண்ட் சுற்றுக்கு வாசல்கள். நக்குவதை மின்தொடர்பு மூலம் கண்டறியும் உணரி இருந்தால், ஒவ்வொரு நக்கலும் 384 சேனல்களிலும் ஸ்பைக் போலவே பதிவாகும். வெகுமதியோடு நேரம் ஒத்துப்போகும் அற்புதமான போலி நியூரான் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். ஒளிக்கற்றை அல்லது பீசோ உணரிக்கு மாறுங்கள். நடத்தைக் கேமராவுக்கான துடிக்கும் அகச்சிவப்பு விளக்கும் அப்படியே. சிலிக்கான் ஒளிக்கு எதிர்வினை காட்டும். தண்டின் மேல்பகுதியைக் கருப்புக் கூம்பு ஒன்றால் மறைத்தால் தீர்ந்தது. ஒளியால் செல்களை இயக்கும் ஒளிமரபியல் லேசர் என்றால் திடீரென்று ஏற்றி இறக்காமல் சில மில்லிநொடிகள் சாய்வாக ஏற்றி இறக்குவது நல்லது. அப்படியும் முதல் சில மில்லிநொடிகளின் ஸ்பைக்குகளை நம்ப வேண்டாம்.

மூளையுறையும் தண்டும்

24 மைக்ரான் தடிமன் என்றால் தண்டு தட்டையான பக்கத்தில் எளிதாக வளையும். வளைவதில் தவறில்லை, அது முறிவதற்கு முன் நிறையவே வளைந்து கொடுக்கும். வளைந்தபடி உள்ளே போவதுதான் தவறு. ப்ரோப்பைப் பிடித்து இறக்கும் நகர்த்தியின் அச்சும் தண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தண்டு திசுவைப் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டே போகும். முன்னாலிருந்து ஒருமுறை, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்து இணையாக்குங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது பரவலான குறை.

சுண்டெலியில் புதிதாகத் திறந்த துளையில், கூர்மையாக்கிய தண்டு மூளையுறையைத் தானே துளைத்துப் போகும். நுனி கூர்மையாக்கப்படாத ப்ரோப் என்றால் சுழலும் அரைப்பானில் சுமார் 25 பாகைக் கோணத்தில் தீட்டிக்கொள்வார்கள். துளை 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். பெரிய துளை என்றால் மூளை துடிப்பது கூடும், துடிப்பு கூடினால் நகர்வும் கூடும். திறந்த அன்றே பதிந்தால் சிரமம் குறைவு. நாட்கள் போகப் போக மூளையுறை தடித்து, மேலே புதிய திசு வளர்ந்து, தண்டு நுழையாமல் மேற்பரப்பு குழிந்துகொண்டே போகும். குழிந்தால் தள்ளிக்கொண்டே இருக்காதீர்கள். மேலே எடுத்து, 50 மைக்ரான் தள்ளி வேறு இடம் பாருங்கள், அல்லது மெல்லிய ஊசி முனையால் உறையைக் கீறிவிடுங்கள். குழிந்த நிலையிலேயே திடீரென்று உள்ளே போகும் தண்டு, மேல் அடுக்குகளை நசுக்கிவிட்டே போகிறது. அன்று புறணியில் யூனிட் கிடைக்காததற்கு அதுவே காரணமாக இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் நிமிடத்துக்கு 200 மைக்ரான், முடிந்தால் அதைவிட மெதுவாக. 3.8 மி.மீ. இறங்க இருபது நிமிடம் ஆகும். இலக்கைத் தாண்டி 50–100 மைக்ரான் கூடுதலாக இறக்கி, பிறகு அதே அளவு மேலே எடுத்தால் அழுந்திய திசு கொஞ்சம் தளரும். அதன்பின் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் குறைந்தபட்சம்; அரை மணி நேரம் என்றால் பதிவின் முதல் பகுதியை வீசியெறிய வேண்டியிருக்காது. இறங்கும்போது ஸ்பைக்குகள் அள்ளிக்கொட்டுவதைப் பார்த்து உடனே சோதனையைத் தொடங்கத் தோன்றும். அந்த ஸ்பைக்குகளில் பல, தண்டு உரசிச் சேதமான செல்கள் கடைசியாகக் கத்துவது.

செருகும் முன் தண்டின் பின்பக்கத்தில் டை-ஐ போன்ற கொழுப்பில் ஊறும் ஒளிர்சாயத்தைப் பூசுவதை எப்போதும் தவிர்க்காதீர்கள். மெல்லிய பூச்சு பலமுறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின். பிற்பாடு மூளையைச் சீவியோ முழுதாக ஒளித்தாள் நுண்ணோக்கியில் பார்த்தோ பாதையைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. சாயம் பாதையைக் காட்டும். ஆழத்தைத் துல்லியமாகக் காட்டாது. பதப்படுத்தும்போது மூளை சுருங்குவதால் சில நூறு மைக்ரான் பிழை வரும். அதைப் பதிவிலிருந்தே திருத்தலாம்: மூளைக்கு வெளியே உள்ள சேனல்களில் மெதுவான பட்டையின் ஆற்றல் சட்டென்று விழும், ஹிப்போகேம்பஸின் செல் அடுக்கில் சிற்றலைகள் உச்சமாகும், திரவ அறையைத் தாண்டும் இடம் ஸ்பைக்கே இல்லாமல் மௌனமாக இருக்கும், தாலமஸ் சலசலக்கும். இந்த அடையாளங்களில் குறைந்தது இரண்டு பொருந்தாத வரை, எந்த யூனிட்டுக்கும் பகுதியின் பெயர் சூட்டாதீர்கள்.

நாள்பட்ட பொருத்தல்

ப்ரோப்பை மண்டையோட்டில் நேரடியாகச் சிமென்ட் வைத்து ஒட்டினால் அது ஒருமுறைப் பொருள். மீட்டெடுக்கக்கூடிய தாங்கியில் பொருத்தினால் அதையே பல விலங்குகளில் பயன்படுத்தலாம். முப்பரிமாண அச்சில் எடுக்கும் தாங்கி வடிவங்கள் பல ஆய்வகங்களால் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. தாங்கி இரண்டு துண்டு: மண்டையோட்டில் ஒட்டும் வெளிக்கூடு, ப்ரோப்பைப் பிடிக்கும் உட்துண்டு. இடையே திருகு.

இதில் பிழை நுழையும் இடம் ஒன்றுதான். சிமென்ட் தண்டைத் தொடக்கூடாது. துளையைச் சுற்றி மென்மையான சிலிக்கோன் ஜெல் வைத்து, அதற்கு மேல் தண்டின் வெளியே நீட்டும் பகுதி முழுவதையும் பெட்ரோலியம் ஜெல்லியால் மூடியபின்தான் சிமென்ட். எடுக்கும்போது தாங்கியை மறுபடி நகர்த்தியின் கையில் பிடித்து, திருகைக் கழற்றி, வைத்த அதே அச்சில் மெதுவாக மேலே இழுக்க வேண்டும். வைத்த கோணத்தைக் குறித்து வைக்காதவர்கள் இந்த இடத்தில் தண்டை இழப்பார்கள்.

எடுத்ததும் காயவிடாமல் டெர்காசைம் என்ற நொதிச் சலவைத்தூளின் 1 சதவீத வெதுவெதுப்பான கரைசலில் சில மணி நேரம், பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். காய்ந்துபோன புரதம் நொதிக்கும் மசியாது. சிலிக்கோன் ஒட்டியிருந்தால் இந்தக் கரைசல் உதவாது, அதற்கென்று தனிக் கரைப்பான் வேண்டும். அமிழ்த்தும்போது தண்டு மட்டும். மின்னணுப் பகுதியும் ஃபிளெக்ஸும் நனையக் கூடாது.

2.0-வைக் கொண்டு சுண்டெலியில் எட்டு வாரங்களுக்கும் மேலாக யூனிட்களைப் பின்தொடர்ந்து பதிந்திருக்கிறார்கள். நடைமுறையில் முதலில் களைப்பது சிலிக்கான் அல்ல. ஃபிளெக்ஸ் நாடா மடங்கும் இடத்தில் உள்ளே விரிசல் விடும், ஹெட்ஸ்டேஜின் நாடா இணைப்பி தினமும் திறந்து மூடித் தேயும். விலங்கு கூண்டில் இருக்கும்போது ஹெட்ஸ்டேஜை நிரந்தரமாகவே தலையில் விட்டு, கேபிளை மட்டும் கழற்றுவது பல மடங்கு பாதுகாப்பு. ஓடும் விலங்குக்கு மோட்டார் பொருத்திய சுழல் இணைப்பி வேண்டும். கையால் முறுக்கு அவிழ்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

தரவு வந்த பிறகு

ஒரு ப்ரோப்பின் ஸ்பைக் பட்டை விநாடிக்கு 23 மெகாபைட், மணிக்கு சுமார் 83 ஜிகாபைட். 1.0-இல் மெதுவான பட்டைக்கு மணிக்கு இன்னும் 7 சேர்த்துக்கொள்ளுங்கள். இழப்பற்ற சுருக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கும். சேமிப்பு வட்டுகளுக்கு ஆரம்பத்திலேயே ஒதுக்காத திட்டங்கள் ஆறாவது மாதம் மூலத் தரவை அழிக்கத் தொடங்குகின்றன. ஆறு மாதம் கழித்து ஸ்பைக்குகளை நியூரான் வாரியாகப் பிரிக்கும் புதிய மென்பொருள் (சார்ட்டர்) வரும், அப்போது மூலத் தரவு இருக்காது.

எண்ணாக்கிகள் சேனல்களை ஒரே கணத்தில் மாதிரி எடுப்பதில்லை. 1.0-இல் 32 எண்ணாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 12 சேனல்கள், வரிசையாக. 2.0-இல் 24-க்கு 16. அதாவது ஒரே மாதிரிக் கணத்துக்குள் சேனல்களிடையே சிறு நேர வித்தியாசம் உண்டு. இதைத் திருத்தாமல் பொதுச் சராசரியைக் கழித்தால் அதிவேக இரைச்சல் போகாது, சில நேரம் கூடும். ஸ்பைக்ஜிஎல்எக்ஸின் துணைக்கருவியான கேட்ஜிடி இந்த நேர நகர்த்தலைத் தானாகவே செய்யும். வேறு வழியில் போகிறவர்கள் இது நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரங்களும் அப்படியே. 1.0-இல் ஒவ்வொரு ஹெட்ஸ்டேஜும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும். எதுவும் மிகச் சரியாக 30,000 ஹெர்ட்ஸ் இல்லை. தொடக்கத்தை மட்டும் ஒத்திசைத்தால் ஒரு மணி நேர முடிவில் இரண்டு ப்ரோப்களும் பல மில்லிநொடிகள் விலகி நிற்கும். விநாடிக்கு ஒரு சதுர அலையை எல்லா ஓட்டங்களிலும் பதிந்து, பிற்பாடு விளிம்புகளைப் பொருத்துங்கள். நடத்தைக் கணினிக்கும் அதே அலை போக வேண்டும்.

சார்ட்டிங்குக்கு இன்றைய நிலையில் கிலோசார்ட் 4 முதல் தேர்வு. நிவிடியா வரைகலை அட்டை, குறைந்தது 8 ஜிபி நினைவகம். ஒற்றைத் தண்டு ப்ரோப்புக்கு நகர்வுத் திருத்தத்தின் தொகுதி எண்ணிக்கையை இயல்பான 1-லிருந்து 5-ஆக உயர்த்துங்கள். மூளையின் மேல்பகுதியும் அடிப்பகுதியும் ஒரே அளவு நகர்வதில்லை, 1 என்று விட்டால் ஓர் இடத்தில் சரிசெய்து இன்னோர் இடத்தில் கெடுக்கும். முடிவைத் திறக்கும் முன் நகர்வு வரைபடத்தைப் பாருங்கள். மெல்ல இறங்கும் சாய்வு திருத்தக்கூடியது. செங்குத்தான முறிவு இருந்தால் அந்த இடத்தோடு பதிவை வெட்டுவதே நேர்மை.

தரச் சோதனையில் மூன்று எண்கள் போதுமான தொடக்கம். அமெரிக்காவின் ஆலன் மூளை ஆய்வு நிறுவனத்தின் தரவுகளில் பயன்படும் வரம்புகள்: ஓய்வுக்கால மீறல் அளவு (ஒரே நியூரான் மறுபடி சுட முடியாத குறுகிய இடைவெளிக்குள் விழும் ஸ்பைக்குகள்) 0.5-க்குக் கீழ், வெட்டுண்ட ஸ்பைக்குகளின் மதிப்பீடு 0.1-க்குக் கீழ், பதிவு நேரத்தில் யூனிட் தென்படும் விகிதம் 0.9-க்கு மேல். முதலாவது இரண்டு செல்கள் கலந்ததைப் பிடிக்கும், இரண்டாவது இரைச்சலுக்குள் மூழ்கித் தவறிய ஸ்பைக்குகளை, மூன்றாவது பாதியில் நழுவிப்போன செல்லை. முதல் எண் மிகத் தளர்வானது என்பது எங்கள் கருத்து. செல் இணைகளின் நேர ஒத்திசைவை ஆராய்கிறவர்கள் 0.1-க்கு இறுக்க வேண்டும். எப்படி வடிகட்டினாலும் ஒரு சாய்வு மிஞ்சும். பெரிய, அடிக்கடி சுடும் செல்கள் எளிதில் அகப்படும். ஹிப்போகேம்பஸின் கிரானுல் செல்கள் போல மணிக்கணக்கில் வாய் திறக்காதவை கணக்கிலேயே வராது.

பழைய வழிகள் இன்னும் எங்கே மேல்?

டெட்ரோடை ஒதுக்கிவிடாதீர்கள். சுமார் 12 மைக்ரான் கம்பி நான்கை முறுக்கி, வெப்பத்தில் ஒட்டி, நுனியில் தங்கம் பூசி 200–300 கிலோ ஓமுக்குக் கொண்டுவரும் அந்தக் கைவேலைக்கு ஒரு பலன் உண்டு: திருகைக் கால் சுற்று திருப்பி, தினமும் சில பத்து மைக்ரான் இறக்கி, அடர்ந்த செல் அடுக்கில் சரியாக நிறுத்தலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் இழப்பீர்கள். ஒரே அடுக்கு, ஓடும் எலி, நிறைய உழைக்க ஆள், இந்த மூன்றும் இருந்தால் டெட்ரோடு இன்னும் கௌரவமான தேர்வு.

செல்கள் இயங்கும்போது ஒளிர்வதை நுண்ணோக்கியில் படமெடுக்கும் இரண்டு ஃபோட்டான் கால்சியம் படமெடுப்பு வேறு கேள்விக்கான கருவி. ஆயிரக்கணக்கான செல்கள், செல்லின் வகை தெரியும், அதே செல்லை மாதக்கணக்கில் பார்க்கலாம். ஆனால் கால்சியம் ஒளி மெதுவாக மங்கும், ஒற்றை ஸ்பைக்கின் நேரம் கரைந்துவிடும், புறணிக்கு அடியில் உள்ள பகுதிகளுக்கு லென்ஸ் செருகாமல் போக முடியாது. மின்முனை ஊசிகளின் அணியான யூட்டா வரிசை 400 மைக்ரான் இடைவெளியில் 96 சேனல்களைப் புறணியின் மேற்பகுதியில் நிலையாக நட்டுவைக்கும். குரங்கில் நீண்டகாலப் பதிவுக்குச் சரி, ஆழத்துக்கு ஆகாது.

வாங்குவோருக்கு

தலையைப் பொருத்திய சுண்டெலி, ஒரு நாள் பதிவு, பல பகுதிகள் என்றால் 1.0 போதும், 3.84 மி.மீ. தொடர்ச்சியும் குறைந்த இரைச்சலும் அங்கே 2.0-ஐவிடச் சாதகம். நாள்பட்ட பொருத்தல், ஓடும் விலங்கு, ஒரே பகுதியில் அடர்த்தி, இவற்றில் எது வந்தாலும் நான்கு தண்டு 2.0. நான்கு தண்டும் ஒரே நேரத்தில் இரத்தக் குழாயைத் தவிர்த்து இறங்க வேண்டும் என்பதால், செருகும் இடத்தைத் தேர்வது கடினமாகும், அதற்குத் தயாராக இருங்கள்.

ப்ரோப் மட்டும் வாங்கி ஓட்ட முடியாது. அதோடு பிஎக்ஸ்ஐ பெட்டி (அட்டைகளைச் செருகும் சட்டகம்), ஐமெக்கின் பதிவு அட்டை, ஹெட்ஸ்டேஜ், கேபிள், நடத்தைச் சிக்னல்களுக்குத் தனி உள்ளீட்டு அட்டை வேண்டும். ஒரு பதிவு அட்டையில் நான்கு வாயில்கள்: 1.0 என்றால் நான்கு ப்ரோப்கள், 2.0 என்றால் எட்டு. ஹெட்ஸ்டேஜ் சோதனைப் பலகையையும் சேர்த்துக் கேளுங்கள். கோளாறு ப்ரோப்பிலா, ஹெட்ஸ்டேஜிலா, கேபிளிலா என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துக் காட்டும். கேபிளும் ஹெட்ஸ்டேஜும் தலா ஒன்று உபரியாக இருக்கட்டும். மின்சுற்று இல்லாத போலி ப்ரோப்புகள் கிடைக்கின்றன. தாங்கியில் ஒட்டவும், அச்சைச் சீராக்கவும், அகரோஸ் கட்டியில் இறக்கி ஏற்றவும் பழகும் மாணவர் கையில் முதல் சில வாரங்களுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும்.